வண்டியூர்த் தூக்குவாளி

சோழவந்தான்,
10-7-1979.

வண்டியூர் சவரியப்பன் மனைவி செல்லத்தாய்க்கு, சோழவந்தான் சோணை மகன் கருத்தக்கண்ணன் எழுதுவது.

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. ஒன்பது வருடமாக விசாரிக்காதவன் இன்றைக்கு விசாரித்தால் அது பொய்யாகத்தான் இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை இந்த ஊர் மாதர் சங்கத் தலைவி ஜெயக்கொடி, கொடிக்கால்களில் வெற்றிலை அடுக்கும் பெண்கள் இருபத்தெட்டுப் பேரை ஒரு வேனில் அடைத்து மதுரையைச் சுற்றிக் காட்டக் கூட்டிப் போனாள். இத்தனை பக்கத்தில் இருந்தும் மதுரை என்றால் அவர்களுக்குச் சித்திரைத் திருவிழாக் கூட்டமும் பெரியாஸ்பத்திரி வராந்தாவும்தான். மகாலைப் பார்த்ததில்லை, காந்தி மியூசியம் பார்த்ததில்லை. நம் ஆத்தாவும் போகிறேன் என்றது. நானே கையைப் பிடித்து முன் சீட்டில் உட்கார வைத்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குத் தெப்பக்குளம் பக்கம் ஒரு மெஸ்ஸில் சொல்லியிருக்கிறேன் என்றாள் ஜெயக்கொடி. நானும் நம்பினேன். மறுநாள் காலையில் வேன் டிரைவர் காளை வந்து, வண்டியில் மறந்து கிடந்தது என்று ஒரு காலி எவர்சில்வர் தூக்குவாளியைக் கொடுத்துவிட்டுப் போனான். அதன் கழுத்தில் 'ச. செல்லத்தாய், வண்டியூர்' என்று பேர் வெட்டியிருக்கிறது. ஜெயக்கொடியைக் கூப்பிட்டு விரட்டிக் கேட்டதில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. இருபத்தெட்டுப் பேர் சாப்பாடும் உன் அடுப்பில் வெந்தது.

நீ அந்தக் கிளார்க்கைக் கட்டிக்கொண்டு போன அதே வாரம், மாரியம்மன் சன்னதியில் சூடத்தை அணைத்து நான் செய்த சத்தியம் ஊருக்கே தெரியும். நம் குடும்பத்தில் யாரும் உன் வீட்டில் கை நனைப்பதில்லை. ஒரு வாய் சாப்பிட்டால்கூட உறவு உண்டு என்று ஆகிவிடும் என்பதால்தான் அத்தனை கட்டுப்பாடு. அதைத் திருட்டுத்தனமாக உடைக்கப் பார்த்திருக்கிறாய். சாப்பிட்ட கையோடு எல்லாரும் காந்தி மியூசியத்துக்குப் போய், ரத்தக்கறை படிந்த வேட்டியைப் பார்த்து அழுதார்களாம். வயிற்றில் உன் பொய்ச் சோறு.

தூக்குவாளி இங்கே கிடக்கிறது. யாரையாவது அனுப்பி எடுத்துக்கொள். நீ வராதே.

சோ. கருத்தக்கண்ணன்


வண்டியூர்,
14-7-1979.

அண்ணனுக்கு, செல்லத்தாய் எழுதுவது.

முதல் வரியில் 'சவரியப்பன் மனைவி' என்று எழுதியிருந்தாய். கடிதம் முடிவதற்குள் அவர் கிளார்க்காகிவிட்டார். பரவாயில்லை. மிஷன் பள்ளிக்கூடத்துக் கிளார்க்குக்கும் ஒரு பேர் உண்டு என்று ஒரு தடவையாவது உன் கையால் எழுதினாயே, அதுவரைக்கும் சந்தோஷம்.

ஆமாம், நான்தான் சமைத்தேன். மெஸ் என்று சொல்லச் சொன்னதும் நான்தான். ஜெயக்கொடி அக்காவைத் திட்டாதே. அன்றைக்கு மாதா கோயில் பூசைக்குக்கூடப் போகாமல் அடுப்படியிலேயே கிடந்தேன். புளிச்சோறு, தயிர்ச்சோறு, கத்திரிக்காய் வதக்கல், அப்பளம். காளை வந்து அண்டாவையும் தூக்குவாளியையும் எடுத்துப் போனான்.

தெப்பக்குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எல்லாரும் குளத்துக்குள்ளேயே நடந்து நடு மண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்து மாரியம்மன் கோயில் பக்கத்து மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு கடைச் சுவர் ஓரம் நின்றிருந்தேன். முக்காடு போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. வெற்றிலை அடுக்குகிறவர்கள் இல்லையா, வாழை இலையைக்கூட ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நீவிவிட்டுத்தான் பிரித்தார்கள். ஆத்தா முதலில் கொஞ்சமாக வாங்கியது. அப்புறம் இலையைக் காட்டி இரண்டாம் தடவை கேட்டு வாங்கியது.

ஆகவே ஆத்தா கை நனைத்தாகிவிட்டது. நீ சூடம் அணைத்தது மாரியம்மன் முன்னால். ஆத்தா சாப்பிட்டதும் மாரியம்மன் கோயிலடியில்தான். அவளுக்குக் கோபம் என்றால் அன்றைக்கே காட்டியிருப்பாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் மகளுக்கு ஐந்து வயது. ஒரு வயதிலும் காது குத்தவில்லை, மூன்றிலும் குத்தவில்லை. தாய்மாமன் மடி இல்லாமல் குத்துவதில்லை என்று நான் பிடிவாதமாக இருந்துவிட்டேன். வேதக்காரப் பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்காதே. வேதக்காரர்களும் மாமன் மடியில் வைத்துத்தான் குத்துகிறார்கள். ஆவணி மாதம், ஆகஸ்ட் 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி, எங்கள் வீட்டில். நீ வர வேண்டும். நான் கெஞ்சவில்லை. முறையைக் கேட்கிறேன்.

செல்லத்தாய்


சோழவந்தான்,
19-7-1979.

செல்லத்தாய்க்கு,

உன் வக்கீல் பேச்சைப் படித்தேன். நாலு வருடம் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்ததற்கு இதுதான் மிச்சம்.

தெரியாமல் சாப்பிட்டது கை நனைத்ததாகாது. நானாகச் சொல்லவில்லை. ஊர்ப் பெரியவர் மொக்கையனிடம் கேட்டேன். பேரைச் சொல்லாமல், பொதுவாகக் கேட்பது மாதிரிதான் கேட்டேன். "யாரு சோறுன்னு தெரிஞ்சு உக்காந்தாத்தாம்ப்பா அது பந்தி. தெரியாமத் தின்னது வெறும் பசிக்குத் தின்னது" என்று சொல்லிவிட்டார். அதோடு, தெப்பக்குளத்து மரத்தடி உன் வீடா? வீட்டில் கை நனைப்பதில்லை என்றுதான் சத்தியம். இரண்டு வகையிலும் உன் பேச்சு நிற்காது.

ஆத்தாவைக் குறுக்கே இழுக்காதே. அதற்கு ஒன்றும் தெரியாது. மெஸ் சாப்பாடு என்று நினைத்துச் சாப்பிட்டது.

நீ எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே எழுதுகிறாய். நான் சிரிக்கிற இடத்தில் இல்லை. நீ வீட்டை விட்டுப் போன அந்த வருடம் நிலக்கோட்டையில் எனக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றது. அது போகட்டும், அதன் பிறகு அன்னக்கொடி வந்தாள், என் குடும்பம் நடக்கிறது. அய்யாவை நினைத்துப் பார்த்தாயா? வாரம் தவறாமல் வெற்றிலைக் கூடையோடு சந்தைக்குப் போன மனிதர். "மக எங்க சோணை, மாதா கோயில்லயா?" என்று எவனோ ஒருத்தன் கேட்டான். அன்றோடு சந்தைக்குப் போவதை விட்டார். இரண்டு வருடம் சுவரைப் பார்த்து உட்கார்ந்தே செத்தார். சாகும்போதும் உன் பேரைச் சொல்லவில்லை. சொல்லிவிடுவோமோ என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான், நீ இல்லை.

காதை யார் மடியில் வேண்டுமானாலும் வைத்துக் குத்திக்கொள். என் மடி உனக்கு இல்லை.

சோ. கருத்தக்கண்ணன்


வண்டியூர்,
25-7-1979.

அண்ணனுக்கு,

அய்யா செத்த அன்றைக்கு நான் வந்தேன். உனக்கு மறந்திருக்காது. வைகைப் பாலத்திலேயே ஆளை நிறுத்தி என்னைத் திருப்பி அனுப்பினாய். நான் திரும்பிப் போய்விட்டேன் என்று நினைத்திருப்பாய். போகவில்லை. ஆற்று மணலில் இறங்கி நின்று அக்கரையில் எழுந்த புகையைக் கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் போனேன். சிரித்துக்கொண்டே எழுதுகிறேன் என்கிறாய். அதையெல்லாம் எழுத ஆரம்பித்தால் உனக்குக் கடிதமே எழுத முடியாது, அதனால் சிரிக்கிறேன். அந்தப் பாலத்துக்காக உன்னை நான் மன்னிக்கவில்லை.

இனி மொக்கையன் தீர்ப்புக்கு வருகிறேன். ஆத்தாவுக்கு ஒன்றும் தெரியாது என்றாயே. அன்றைக்குக் காலையில் மகாலில் நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

சமையலை முடித்து மூடி வைத்துவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறி மகாலுக்குப் போனேன். ஆத்தாவைத் தூரத்தில் இருந்தாவது ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். மற்றப் பெண்கள் கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்துக்கொண்டு, தூண்களைக் கட்டிப்பிடிக்கக் கை எட்டுகிறதா என்று மூன்று மூன்று பேராகச் சேர்ந்து அளந்துகொண்டிருந்தார்கள். ஆத்தா மட்டும் ஒரு தூணடியில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தது. நான் அடுத்த தூணுக்குப் பின்னால் நின்றேன். ஒன்பது வருடத்தில் தலை முழுக்க வெளுத்துப்போயிருந்தது. நான் முந்தானையால் கண்ணைத் துடைக்கிற நேரத்தில் மகள் கையை விட்டு ஓடி, நேராக ஆத்தாவிடம் போய் நின்றுவிட்டாள்.

"யாரு புள்ள நீ? ஒத்தையில நிக்கிற" என்றது ஆத்தா.

"எங்கம்மா தூணுக்குப் பின்னால இருக்கு."

"பேரு என்ன?"

"மேரி முத்துத்தாய்."

முத்துத்தாய் என்று தன் பேரைக் கேட்டதும் ஆத்தா அவளைக் கிட்டே இழுத்துக்கொண்டது. அப்புறம் அவள் காதைத் தடவிப் பார்த்தது. "அஞ்சு வயசிருக்கும் போலயே. இன்னும் காது குத்தலையாக்கும்?"

"எங்க மாமா வந்தாத்தான் குத்துவாங்களாம். மாமா கோவமா இருக்காராம்."

"எம்புட்டுக் கோவம்?"

அவள் இரண்டு கையையும் முடிந்தமட்டும் விரித்துக் காட்டினாள். ஆத்தா மடியில் கட்டியிருந்த பொட்டுக்கடலையை எடுத்து அவள் கையில் கொடுத்து, "போ, ஒங்கம்மாகிட்டப் போ. ரொம்ப நேரம் நிக்க வேணாம், கால் வலிக்கும்னு சொல்லு" என்றது. நான் நின்ற தூணின் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. திருப்பினால் உன் சத்தியம் உடைந்துவிடும் என்று நினைத்திருக்கும்.

அப்புறம்தான் சாப்பாடு. புளிச்சோற்றுத் தாளிப்பில் வெற்றிலையைக் கிள்ளிப் போடுவது நம் வீட்டில் மட்டும்தான், உனக்கே தெரியும். எந்த மெஸ்காரன் போடுவான்? ஆத்தா முதல் வாயிலேயே அந்தப் பொரிந்த வெற்றிலையைத் தனியே எடுத்துப் பார்த்தது. பார்த்துவிட்டு வாயில் போட்டு மென்றது. அதற்குப் பிறகுதான் இரண்டாம் தடவை இலையைக் காட்டியது. மொக்கையனிடம் இதையும் போய்ச் சொல். தெரிந்து உட்கார்ந்த பந்திதான் அது.

இன்னும் ஒன்று. தூக்குவாளி வேனில் மறந்து கிடந்தது, காளை கொண்டுவந்தான் என்று எழுதியிருந்தாய். அது பொய். சாப்பிட்டுக் கை கழுவியதும் ஆத்தா ஜெயக்கொடி அக்காவிடம், "மிச்சம் இருந்தா அந்தத் தூக்குவாளில அள்ளி வையி. எம் மகன் புளிச்சோறுன்னா உசுர விடுவான்" என்றது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே கேட்டது. மூடி மூட முடியாமல் அழுத்தி மூடிய வாளியை மடியில் வைத்துக்கொண்டுதான் ஆத்தா வேன் ஏறியது. நிறைந்து போன வாளி காலியானது எப்படி? ஆத்தா இரவில் புளிச்சோறு தொடாது, நெஞ்செரிச்சல். யார் சாப்பிட்டது, அண்ணே?

செல்லத்தாய்


சோழவந்தான்,
31-7-1979.

செல்லத்தாய்க்கு,

யாரும் சாப்பிடவில்லை. வாளியைத் திறந்து பார்த்ததும் வாடை சரியில்லை என்று அன்னக்கொடி மாட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டாள். எனக்கு அன்றைக்கு வயிறு மந்தம். வெறும் மோர் குடித்துவிட்டுப் படுத்தேன். காளை கொண்டுவந்தானா ஆத்தா கொண்டுவந்ததா என்பதெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

மகாலில் நடந்தது உண்மையா என்று ஆத்தாவிடம் கேட்டேன். "மகாலு ரொம்பப் பெருசுப்பா. தூணு ஒவ்வொண்ணும் எம்புட்டுத் தண்டி" என்றது. திருப்பிக் கேட்டேன். "ஒரு தூணுக்குப் பின்னால ஒரு குடும்பமே நிக்கலாம் போலருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டது. அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. தினமும் காலையில் உன் தூக்குவாளியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, பேர் வாசல் பக்கம் தெரிகிற மாதிரி ஜன்னலில் வைக்கிறது. உள்ளே எடுத்து வைத்தால் மறுபடி அங்கேயே கொண்டுபோய் வைக்கிறது. கொடிக்காலுக்குப் போகிறவன் வருகிறவன் எல்லாம் படித்துவிட்டுப் போகிறான். என் வீட்டிலேயே என்னை ஒதுக்கி வைக்கிற ஏற்பாடு செய்துவிட்டாய். திருப்திதானே?

நான் வரப்போவதில்லை. ஆத்தாவையும் அனுப்பப்போவதில்லை. இனிமேல் கடிதம் எழுதாதே. எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

சோ. கருத்தக்கண்ணன்


வண்டியூர்,
11-8-1979.

அண்ணனுக்கு,

பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன் என்றாய். அதனால் கார்டில் எழுதுகிறேன். இதைப் பிரிக்க வேண்டிய வேலை இல்லை.

யார் மடியில் வேண்டுமானாலும் குத்திக்கொள் என்று ஜூலை 19ஆம் தேதி உன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறாய். அதன்படி, ஜெயக்கொடி அக்காவின் தம்பி பேயாண்டியைக் கேட்டேன். ஊர் முறையில் அவரும் எனக்கு அண்ணன்தான். தாய்மாமன் இடத்தில் உட்காரச் சம்மதித்துவிட்டார். பட்டுப்பாவாடை, கம்மல், தேங்காய்ப் பழத் தட்டு எல்லாவற்றோடும் வருகிறாராம்.

மாட்டுக்குப் புளிச்சோறு ஒத்துக்கொண்டதா? பால் புளித்திருக்குமே.

செல்லத்தாய்


சோழவந்தான்,
18-8-1979.

செல்லத்தாய்க்கு,

கார்டு வந்தது. எனக்கு வருவதற்கு முன்னால் ஊருக்கு வந்தது. தபால்காரர் அழகுமலை அதை டீக்கடையில் நாலு பேருக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். நீ அதற்காகவே கார்டில் எழுதினாய் என்பது எனக்குத் தெரியாதா?

பேயாண்டி இரண்டு நாளாக மீசையை நீவிக்கொண்டு திரிகிறான். நேற்று வாய்க்கால் கரையில் என்னைப் பார்த்து, "என்ன பங்காளி, மருமக காதுகுத்துக்குப் போகணும், இந்த வாரம் முறைத்தண்ணிய எனக்கு விட்டுக் கொடுக்கிறியா?" என்று கேட்கிறான். போன கோடையில் மடையை உடைத்து என் கொடிக்காலைக் காயப் போட்டவன். அவன் மடியில் என் தங்கச்சி மகள் உட்கார்வதா? நான் உயிரோடு இருக்கும்போது அது நடக்காது. அவன் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடு. ஆளைத் திருப்பி அனுப்புவது எப்படி என்று உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன். அந்தப் பாலத்தைப் பற்றி எழுதியிருந்தாயே. நீ மணலில் நின்றது எனக்கு அன்றைக்கே தெரியும். கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பும்போது பார்த்தேன். ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

26ஆம் தேதி காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். ஆத்தாவும் அன்னக்கொடியும் வருகிறார்கள். பட்டுப்பாவாடையும் கம்மலும் வாங்கியாகிவிட்டது. நீ ஜெயித்துவிட்டதாக நினைக்காதே. நான் வருவது மடி கொடுக்க மட்டும்தான். குத்தி முடித்து, பிள்ளை அழுகையை நிறுத்தியதும் கிளம்பிவிடுவேன். உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன். பந்தியில் உட்காரச் சொல்லி யாரும் என் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்று மாப்பிள்ளையிடம் இப்போதே சொல்லி வை.

பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று ஆத்தா என்னிடம் பேசிவிட்டது. அதனால் தூக்குவாளியில் நம் கொடிக்கால் கொழுந்து வெற்றிலையாகப் பறித்து நிறைத்துக் கொண்டுவருகிறேன். அன்றைக்குப் புளிச்சோறு கிளறுவதாக இருந்தால் நான் வருகிற வரைக்கும் தாளிக்காதே, அதைக் கிள்ளிப் போடு. போன தடவை நீ போட்டது கடை வெற்றிலை, முற்றல். மறுநாள் மத்தியானம் வரைக்கும் என் பல்லிடுக்கில் நார் சிக்கியிருந்தது.

அண்ணன்
கருத்தக்கண்ணன்